மன்னனைத் தொடாத ஊசி

(சேலத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘சீன மருத்துவத்தில் இதய சக்திநாளம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பைப் படிக்கிற யாருக்கும் மனதில் ஓடக்கூடிய கேள்வி ஒன்றுதான். நெஞ்சு வலித்தால் ஊசி குத்திச் சரியாக்கிவிடலாமா, முடியாதா? அக்குபஞ்சர்காரர் ஒரு பதில் சொல்வார், இதய டாக்டர் வேறொரு பதில் சொல்வார். இந்த மருத்துவத்தின் மூலநூலே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். சக்திநாளம் என்றால் உடம்பில் சக்தி ஓடுவதாகச் சீன மருத்துவம் சொல்லும் பாதை. முதலில் இதயத்தின் பாதையைக் கையாலேயே தடவிப் பார்த்துவிடுவோம்.

எல்லோரும் இடது கையை மடியில் மல்லாத்தி வையுங்கள். மணிக்கட்டில் குறுக்கே ஒரு கோடு தெரிகிறதா? அந்தக் கோட்டோடு சுண்டுவிரல் பக்கம் போனால், உள்ளங்கையின் அடியில் பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும். அந்த எலும்பிலிருந்து முழங்கையை நோக்கி ஒரு தசைநாண் விறைப்பாக ஏறும். தசைநாணுக்குக் கட்டைவிரல் பக்கத்தில், கோட்டின் மேலேயே, விரல் நுனி போய் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. மெதுவாக அழுத்துங்கள். சிலருக்கு லேசாக நோகும். சிலருக்குச் சுண்டுவிரல் வரை விர்ரென்று ஓடும். அடியில் அல்நார் நரம்பும் அதை ஒட்டிய தமனியும் போகின்றன, அதனால்தான் அந்த ஓட்டம். இந்தப் பள்ளத்துக்குச் சீனர்கள் வைத்த பெயர் ஷென்மென். நம் ஊர் அக்குபஞ்சர்காரர்கள் ‘ஹெச் 7’ என்பார்கள்.

இந்தப் பாதை இதயத்திலிருந்து மூன்று கிளைகளாகப் புறப்படுவதாகச் சொல்கிறார்கள். ஒன்று உதரவிதானத்தைக் கடந்து சிறுகுடலுக்கு இறங்குகிறது. ஒன்று உணவுக்குழாயை ஒட்டி மேலேறிக் கண்ணுக்குப் போகிறது. மூன்றாவது நுரையீரல் வழியாக அக்குளுக்கு வந்து வெளியே தலைகாட்டுகிறது. புள்ளிகள் எல்லாம் இந்த மூன்றாவது கிளையில்தான். உடம்பு முழுக்க 361 புள்ளிகள் என்பது கணக்கு. சிறுநீர்ப்பைப் பாதைக்கு மட்டும் 67. இதயத்துக்கு வெறும் ஒன்பது.

முதல் புள்ளி ஜிச்சுவான், அக்குளின் நடுவில், தமனி துடிக்கும் இடத்தில். அந்தத் தமனியில் ஊசி பட்டுவிடக் கூடாது என்பதால் அனுபவசாலிகளே தயங்கித்தான் அங்கே குத்துவார்கள். இரண்டாவது சிங்லிங், முழங்கைக்கு மேலே மூன்று ‘சுன்’ தூரத்தில். ஒரு சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் கணுவின் அகலம். வைத்தியரின் விரலை வைத்து அளக்கக் கூடாது; குழந்தைக்குக் குழந்தையின் விரல், பெரியவருக்குப் பெரியவரின் விரல். மூன்றாவது ஷாவ்ஹாய், முழங்கையை மடக்கினால் விழும் மடிப்பின் உள்முனைக்குப் பக்கத்தில். அடுத்த நாலும் மணிக்கட்டில் நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன. லிங்தாவ், தோங்லி, யின்ஷி, ஷென்மென் என்று அரை அரை சுன் இடைவெளியில். எட்டாவது ஷாவ்ஃபு. கையை மூடிக்கொள்ளுங்கள், சுண்டுவிரல் நுனி உள்ளங்கையில் எங்கே படுகிறதோ அது. ஒன்பதாவது ஷாவ்சோங், சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தில், மோதிரவிரலைப் பார்த்த பக்கம். அதே நகத்தின் மறு ஓரத்தில் சிறுகுடல் பாதை ஆரம்பமாகிவிடுகிறது. இரண்டும் சீனரின் ஐந்து மூலகங்களில் நெருப்பைச் சேர்ந்த ஜோடி.

இனி இவற்றை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். தோங்லி, திடீரென்று பேச்சு அடைத்துக்கொண்டால். யின்ஷி, ராத்திரித் தூக்கத்தில் வியர்த்துக் கொட்டினால். ஷாவ்ஃபு, உள்ளங்கை எரிந்தால். ஷாவ்சோங், மயங்கி விழுந்தால். ஷென்மென், தூக்கம் வராதவருக்கு, காரணமில்லாமல் படபடப்பவருக்கு, மறதிக்காரருக்கு, எதற்கெடுத்தாலும் பயப்படுபவருக்கு. கவனித்தீர்களா? நெஞ்சுச் சதையைப் பற்றிய பேச்சு இதில் கொஞ்சம்தான். தூக்கம், பேச்சு, நினைவு, பயம் இவையே அதிகம். சீன மருத்துவம் இதயத்தை ரத்தத்தின் அதிபதியாகச் சொன்னாலும், அதைவிட அழுத்தமாக, ‘ஷென்’ குடியிருக்கும் இடமாகச் சொல்கிறது. ஷென் என்றால் நம் தெளிவு, உணர்வு எல்லாம் சேர்ந்த ஒன்று. நமக்கு இது அந்நியமான எண்ணமில்லை. ‘என் மனசு கேட்கவில்லை’ என்று சொல்கிறவர் கையைக் கொண்டுபோய் வைப்பது தலையிலா, நெஞ்சிலா?

இந்தப் பாதையை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? உடம்பைத் திறந்து பார்த்தால் இப்படி ஒரு குழாய் கிடையாது. ஆனால் மாரடைப்பு வந்தவரைக் கேளுங்கள். நடு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தது போல இருந்தது, இடது அக்குளுக்குப் போச்சு, கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல் மரத்துப் போச்சு என்பார். அதுதான் நாம் இப்போது தடவிப் பார்த்த பாதை. ஆங்கிலேய நரம்பியலாளர் ஹென்றி ஹெட் 1893இல் இந்த விஷயத்தை எழுதினார். உள்ளுறுப்பு நோகும்போது தோலில் இன்ன இடத்தில் வலி தெரியும் என்று பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டினார். இதயத்தின் வலியைச் சுமக்கும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் மட்டத்திலேயே கையின் உள்பக்கத்து நரம்புகளும் வந்து சேர்கின்றன. மூளைக்கு எது எதென்று பிரிக்கத் தெரிவதில்லை. வயலில் மோட்டார் நின்றுபோனால் மோட்டாரைக் கழற்றுகிறோம், பழுது டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது, அது மாதிரி. ஹெட்டுக்கு ஈராயிரம் ஆண்டு முன்னே, நோயாளியின் வாய்மொழியை மட்டும் வைத்து இந்த வழியை வரைந்தவர்களின் கவனத்துக்கு நாம் மரியாதை செய்யத்தான் வேண்டும்.

மரியாதை செய்யலாம், அதற்காக வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வலது கை முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, காற்று வாங்கிக்கொண்டே குஜராத் வரை ஓட்டுவார்கள். கொஞ்ச வருஷத்தில் வலது சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போகும். சிவதாபுரத்திலும் பள்ளப்பட்டியிலும் கொலுசுப் பட்டறையில் முழங்கையைப் பலகையில் ஊன்றி வேலை பார்க்கிறவருக்கும் இதே கதை வரலாம். முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் அல்நார் நரம்பு நசுங்குவதுதான் காரணம். ஷாவ்ஹாய் புள்ளிக்கு மிகப் பக்கத்தில். சக்திநாளப் படத்தை வைத்துக்கொண்டு ‘உனக்கு இதயம் பலவீனம்’ என்று இவரைப் பயமுறுத்துவது தப்பு. முழங்கையை ஊன்றாதே, விளிம்பில் துணி சுற்றி வை, சரியாகாவிட்டால் நரம்பு டாக்டரைப் பார் என்று சொன்னால் போதும். ஆக, ஒரே சுண்டுவிரல் மரத்துப்போவதற்கு நெஞ்சும் காரணமாகலாம், ஜன்னல் விளிம்பும் காரணமாகலாம். எது என்று வரைபடம் சொல்லாது.

இனி மூலநூலுக்கு வருவோம். 1973இல் சீனாவின் ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா நகருக்குப் பக்கத்தில், மாவாங்துய் என்ற இடத்தில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடிய கல்லறை. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் இன்று சொல்லும் பன்னிரண்டு பாதைகள் இல்லை, பதினொன்றுதான். புள்ளிகளின் பெயரே கிடையாது. பாதையின் மேல் மூலிகையை எரித்துச் சூடு காட்டுவதுதான் சிகிச்சை. இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்கான பாதை பின்னால் சேர்ந்து, கணக்கு பன்னிரண்டாக நிறைந்தது.

அதற்குப் பிறகு வருவது ‘மஞ்சள் பேரரசரின் உள்நூல்’ எனப்படும் ஹுவாங்தி நெய்ஜிங். அதன் இரண்டாம் பகுதி லிங்ஷு. ஊசி மருத்துவத்துக்கு ஆதாரம் அதுதான். அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் விரல் நுனியிலிருந்து முழங்கை அல்லது முழங்கால் வரை ஐந்து முக்கியப் புள்ளிகளைச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். இதயத்தின் முறை வரும்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? இதயத்தின் பாதையை விட்டுவிட்டு, இதய உறையின் பாதையிலுள்ள புள்ளிகளைக் கொடுக்கிறார்கள். அதாவது கையின் நடுவில், நடுவிரல் வரை ஓடும் பாதையில். சும்மா கைதவறி எழுதியதில்லை இது. அதே நூலின் 71ஆம் அத்தியாயத்தில் பேரரசரே கேட்கிறார், இதயப் பாதைக்கு மட்டும் ஏன் சிகிச்சைப் புள்ளிகள் இல்லை என்று. அதற்கு வரும் பதிலின் சாரம் இது: உறுப்புகளுக்கெல்லாம் இதயமே மன்னன். நோய் அதை அண்ட விடக் கூடாது. அண்டினால் ஷென் போய்விடும், ஷென் போனால் உயிர் போய்விடும். ஆகவே இதயத்துக்கு வருகிற தாக்குதலை உறைதான் வாங்கிக்கொள்ளும். இதயத்தின் வெளிப்பாதை மட்டும் நோய்ப்பட்டால், உள்ளங்கைக்குப் பின்னால் இருக்கும் கூரான எலும்புக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள். அந்த இடம்தான் நீங்கள் சற்று முன் அழுத்திய பள்ளம். மற்றப் புள்ளிகள் பிற்கால நூல்களில்தான் நிறைகின்றன, கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மீ தொகுத்த நூலில் இதயப் பாதை தனிப் புள்ளிகளோடு நிற்கிறது.

இன்னும் ஒன்று. அதே லிங்ஷு 24ஆம் அத்தியாயத்தில் நெஞ்சுவலிகளை வகைப்படுத்துகிறது. வயிற்றிலிருந்து வருவது போன்றது, நுரையீரலிலிருந்து வருவது போன்றது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இன்ன இடத்தில் ஊசி போடு என்று சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியில் ‘மெய்யான இதயவலி’ என்று ஒன்றைத் தனியே நிறுத்துகிறது. கைகால் மூட்டு வரை சில்லிட்டுப் போகும், வலி கடுமையாக இருக்கும், காலையில் வந்தால் சாயங்காலத்துக்குள் ஆள் இருக்க மாட்டார், சாயங்காலம் வந்தால் விடிவதற்குள் போய்விடுவார் என்கிறது. அந்த வலிக்கு ஒரு புள்ளி கூடச் சொல்லவில்லை. மாரடைப்பை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவர்கள், தங்கள் ஊசி அதில் எடுபடாது என்றும் பார்த்துவிட்டார்கள். ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு மூலநூலின் பதில் இதுதான்: மெய்யான இதயவலிக்கு ஊசி கிடையாது.

இந்த மருத்துவம் நம் பக்கம் வந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலத்துக்காரர்களுக்குச் சீனம் புதிதில்லை. இளம்பிள்ளை போகிற வழியில் கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயிலுக்கு அமாவாசை தவறாமல் கூட்டம் போகிறது. அங்கே வணங்கப்படும் காலாங்கிநாதர்தான் சித்தர் போகரின் குரு என்றும், குருவும் சீடரும் சீனத்தோடு போக்குவரத்து வைத்திருந்தவர்கள் என்றும் மரபுக் கதைகள் சொல்கின்றன. கதையைக் கதையாகவே ரசிக்கலாம். வரலாற்றுச் சான்றாக எடுத்து நீட்ட முடியாது. நம் வர்மப் புள்ளிகளையும் சீனப் புள்ளிகளையும் ஒன்றென்று சொல்லும் மேடைகள் உண்டு. வர்மத்தில் 108 என்பது கணக்கு, 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அடிபட்டால் என்ன ஆகும், அதை எப்படி இளக்குவது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அது. பிறந்த வழி வேறு. சில இடங்கள் பொருந்திப் போவது உண்மை, மனித உடம்பு ஒன்றுதானே.

எழுத்தில் உள்ள வரலாறு 1938இல் தொடங்குகிறது. ஜப்பான் படையெடுப்பில் தவித்த சீனாவுக்கு இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர்விட்டார். இன்னொருவர் கல்கத்தாவின் பிஜய் குமார் பாசு. அவர் 1950களின் கடைசியில் மறுபடி சீனா போய் ஊசி மருத்துவத்தைக் கற்று, 1959இல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டது. தமிழ்நாட்டுக்காரர் பலர் கொழும்பில், களுபோவில மருத்துவமனையில் அந்தோன் ஜயசூரிய நடத்திய பயிற்சிக்குப் போய்க் கற்று வந்தார்கள். 2003இல் மத்திய அரசு இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019இல் தனி மருத்துவ முறையாக அங்கீகரித்தது.

நம் ஊருக்கு வந்த பிறகு அது தமிழ்நாட்டுக்கே உரிய வேஷம் கட்டிக்கொண்டது. ஊசியே இல்லாத ‘தொடு சிகிச்சை’. இரண்டு மணிக்கட்டிலும் நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு, ‘போய்ட்டு வாங்க’ என்று அனுப்புகிறார்கள். சீனரின் ஐந்து மூலகங்களில் உலோகம், மரம் என்று வரும். நம் ஹீலர்கள் பலர் உலோகம் இருந்த இடத்தில் காற்றை வைத்துப் பஞ்சபூதமாக்கிவிட்டார்கள். நோயாளிக்குப் பழகிய சொல், சுலபமாக மனதில் ஏறுகிறது. பசித்தால் மட்டும் சாப்பிடு, ராத்திரி சீக்கிரம் படு என்று அவர்கள் சொல்லும் புத்திமதியில் குறையொன்றுமில்லை. ராத்திரியெல்லாம் கண்விழித்து ஓட்டுகிற டிரைவரை உட்காரவைத்து, அவசரப்படாமல் அரைமணி நேரம் கேட்கிற ஒரே ஆள் அந்த ஹீலராகக்கூட இருக்கலாம். படபடப்பும் தூக்கமின்மையும் உள்ள ஒருவர், பரிசோதனையில் இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஷென்மெனில் நிம்மதி கண்டால் நாம் ஏன் தடுக்க வேண்டும்? தூக்கமின்மைக்கு இந்தப் புள்ளியை வைத்து நடந்த ஆய்வுகள் நிறைய. சின்னவை, தரத்தில் ஏற்ற இறக்கம் உள்ளவை. நம்பிக்கை தருகின்றன, முடிவு சொல்லிவிடவில்லை.

இதயப் பாதைக்கே நேரடியாக வைத்த பரீட்சை ஒன்று உண்டு. 2019இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் செங்டு பாரம்பரிய சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. ஆஞ்சைனா என்னும் நெஞ்சுவலி நாள்பட்டு, நிலையாக உள்ள 404 பேர். ஒரு குழுவுக்கு இதயப் பாதையின் தோங்லியிலும் உறைப் பாதையின் நெய்குவானிலும் ஊசி. இன்னொரு குழுவுக்கு நுரையீரல் பாதைப் புள்ளிகளில். மூன்றாவது குழுவுக்குப் புள்ளியே இல்லாத இடத்தில் போலி ஊசி. நான்காவது குழுவுக்கு ஊசி கிடையாது, காத்திருப்பு. நாலு வாரத்தில் பன்னிரண்டு தடவை. 16 வாரம் கணக்கெடுத்துப் பார்த்தபோது, முதல் குழுவில்தான் வலி வரும் தடவைகள் மற்ற மூன்றையும்விட அதிகமாகக் குறைந்தன. இதைக் காட்டி ‘பார்த்தாயா, நிரூபணமாகிவிட்டது’ என்று சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். எல்லா நோயாளியும் வழக்கமான இதய மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊசி கூடுதல் துணை. இரண்டாவது, அவர்கள் நிலையான ஆஞ்சைனாக்காரர்கள், மாரடைப்பில் துடித்துக்கொண்டிருந்தவர்கள் இல்லை. சுருங்கச் சொன்னால், லிங்ஷு போட்ட கோட்டை இந்த ஆய்வும் தாண்டவில்லை.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? விடியற்காலையில் நெஞ்சு அடைக்கிறது, வியர்த்து ஊற்றுகிறது. ‘வாயுதான்’ என்று சோடா வாங்கி வருவார்கள், ஓமத்தண்ணி வைப்பார்கள். அது கேட்காவிட்டால் தெரிந்த ஹீலருக்குப் போன் போடுவார்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். பெண்களுக்குத் தாடையிலும் மேல்வயிற்றிலும் வலிக்கலாம், குமட்டலாம். இதயத் தசை அடைப்புக்குள்ளான நேரம் முதல் செத்துக்கொண்டே போகிறது. அந்த நேரத்தில் மணிக்கட்டை அமுக்கிக்கொண்டு உட்காரும் ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் விலை உண்டு.

2023இல் தமிழக அரசு ‘இதயம் காப்போம்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே, துணை சுகாதார நிலையத்திலேயே, முதல் கட்ட மருந்தைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. ஆஸ்பிரின் 150 மில்லிகிராமில் இரண்டு, குளோபிடோக்ரல் 75இல் நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் 10இல் எட்டு, மொத்தம் பதினாலு மாத்திரை. இந்த எண்களைச் சொன்னதற்காக யாரும் வீட்டில் வாங்கி வைத்துத் தானாக விழுங்க வேண்டாம். ரத்தக்கசிவு உள்ளவருக்கு அதே மாத்திரை ஆபத்து. பக்கத்து நிலையத்திலேயே மருந்து இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சொன்னேன். நெஞ்சு அடைத்தால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அக்குபஞ்சர் செய்கிற நண்பர்கள் இந்தக் கூட்டத்தில் சிலர் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆதாரமாகக் காட்டும் நூல் உங்களுக்கு ஓர் எல்லையைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. தூங்காத டிரைவர், படபடக்கிற மாணவி, கணவரைப் பறிகொடுத்துவிட்டு ராத்திரி வியர்த்து எழுகிற அம்மா. அவர்களைப் பாருங்கள். அவர்களையும் முதலில் ஓர் ஈசிஜி எடுத்து வரச் சொல்லுங்கள். அவர்கள் சாப்பிடுகிற பிரஷர் மாத்திரையையும் இதய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து நோயாளி உங்கள் வாசலில் வந்து நின்றால் நாடி பார்க்க உட்காராதீர்கள், வண்டியில் ஏற்றுங்கள். அப்படிச் செய்கிற ஹீலரால் இந்த மருத்துவத்தின் மதிப்பு கூடும். லிங்ஷுவை உண்மையாகப் படித்தவர் அவர்தான் என்று நான் சொல்வேன்.